கவ்வாத்துக் கத்தியும் வேதாகமமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அப்பால் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் போன வாரம் ஒரு பெரியவரை அடக்கம் செய்தோம். எங்களுக்கு அவர் மாமா. அவரைப் பற்றி நாலு வரி எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

கவ்வாத்து வெட்டுவதில், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்து விடுவதில், அவரை மிஞ்ச ஆள் கிடையாது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து சங்கீதம் வாசிப்பார். அட்டை கழன்ற வேதாகமம், சாக்கு ஊசியால் அவரே தைத்தது. அதே லயத்து வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராவில் (அறையில்) நாங்கள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டுவோம்.

1854இல் மலையகத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய தமிழ் கூலி மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியத்தின் காலத்திலிருந்தே தங்களுடையது வேதக்காரக் குடும்பம் என்பார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர் அண்ணன் தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டார். அந்தப் பிரிவைச் சொல்லும்போது மட்டும் மாமாவின் குரல் உடையும். ஆண்டவர் மேல் ஒரு குறை சொல்லிக் கேட்டதில்லை.

மாமிக்குக் கை கால் விழுந்த பிறகு ஆறு வருஷம், தினமும் அவர்தான் தலை சீவிப் பின்னிவிட்டார். பின்னல் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். மாமி அதை யாரையும் அவிழ்க்க விடமாட்டார். மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்ததும் அந்தச் சம்பளத்தில்தான்.

எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் தண்ணீர் சுமந்து கொடுப்பார். அவருக்குக் குழி வெட்டியது எங்கள் கோயில் பையன்கள். கவ்வாத்துக் கத்தியை மூத்த மகள் எடுத்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
அதே லயத்து வாசகி,
ஹட்டன்.