1960–63 இசைத்தட்டு அமர்வுகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் சங்க அன்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, 1960 முதல் 1963 வரை அமெரிக்க, பிரிட்டிஷ் தரவரிசைகளில் முன்னணியில் நின்ற பாப் பாடல்களுக்கே இவ்வாண்டின் அமர்வுகள் அனைத்தையும் ஒதுக்கினோம். எல்விஸ் ராணுவத்துக்குப் போனதற்கும் பீட்டில்ஸ் அமெரிக்காவில் வந்து இறங்கியதற்கும் இடையில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை என்று ரசிகர்கள் பலர் சொல்வதுண்டு. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். இப்போது அந்த நம்பிக்கை போய்விட்டது. அதோடு நமது இசைத்தட்டுப் பட்டியலும் பிழையுள்ளது என்று தெரியவந்திருக்கிறது.

பட்டியலைத் தட்டின் லேபிளைப் பார்த்தே எழுதியிருந்தோம். 1962 நவம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'ஹீ இஸ் எ ரெபெல்' பாடலின் லேபிளில் 'தி கிரிஸ்டல்ஸ்' என்று அச்சாகியிருக்கிறது. ஆனால் அக்குழுவினரில் ஒருவர் குரல்கூட அதில் இல்லை. வேறொருவர் முந்திக்கொள்வதற்குள் பதிவை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் லாஸ் ஏஞ்சலிஸிலேயே இருந்த 'தி பிளாசம்ஸ்' குழுவைப் பாடவைத்தார். முதன்மைக் குரல் டார்லீன் லவ்வுடையது. இதைத் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை கேட்டபோது அரங்கில் ஒருவரும் பேசவில்லை.

'தி ட்விஸ்ட்' 1960இலும் 1962இலும் தனித்தனியாக முதலிடம் பெற்றது. அந்தத் தட்டில் பாடிய சப்பி செக்கருக்கு உலகப் புகழ் கிடைத்தது. அதை எழுதி முதலில் பாடிய ஹாங்க் பல்லார்டின் பெயர் நமது பட்டியலில் இல்லவே இல்லை. 1961 ஜனவரியில் ஷிரெல்ஸ் குழுவை முதலிடத்துக்குக் கொண்டுசென்ற 'வில் யூ லவ் மீ டுமாரோ' பாடலுக்கு இசையமைத்தபோது கரோல் கிங்குக்கு வயது 18. அவரையும் வரிகள் எழுதிய ஜெரி கோஃபினையும் நாம் குறித்துவைக்கவில்லை.

எல்லாவற்றிலும் கொடுமை கியூ சகமோட்டோவின் ஜப்பானியப் பாடலுக்கு நேர்ந்தது. கண்ணீர் சிந்திவிடாதிருக்க அண்ணாந்து பார்த்தபடி நடக்கிறேன் என்று பாடும் அந்தத் துயரப் பாட்டு, 1963 ஜூனில் அமெரிக்காவில் முதலிடம் பெற்றபோது தாங்கியிருந்த பெயர் 'சுகியாகி', அதாவது ஒரு மாட்டிறைச்சிப் பதார்த்தம். நம் சோகப் பாட்டொன்றை 'ஆட்டுக்கால் பாயா' என்று பெயரிட்டு விற்றால் எப்படியிருக்கும்?

அமர்வுகள் பெரும்பாலும் குறையின்றி நடந்தன. நிமிடத்துக்கு 45 முறை சுழலும் அமெரிக்கத் தட்டுகளின் அகன்ற நடுத்துளைக்குப் பொருத்தும் பிளாஸ்டிக் வளையம் தொலைந்ததால் ஒரு மாலை தாமதமாயிற்று. 1962இல் வெளியான 'டெல்ஸ்டார்' ஒலித்தபோது தொடக்கத்து இரைச்சலைக் கேட்டு, ஊசியில் தூசி என்று எண்ணிய மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்துபோய் ஊசியைத் தூக்கிவிட்டார். அந்த இரைச்சல், லண்டன் ஹாலோவே சாலையில் ஒரு தோல்பொருள் கடைக்கு மேலிருந்த வீட்டில் அதன் தயாரிப்பாளர் ஜோ மீக் பாடுபட்டு உண்டாக்கியது. விளக்கம் சொல்லி, முதலிலிருந்து மீண்டும் போட்டோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பட்டியலில் 'உண்மையில் பாடியவர்', 'எழுதியவர்', 'பதிவான இடம்' என மூன்று பத்திகளைச் சேர்க்கச் செயற்குழு ஒப்புதல் அளித்துள்ளது. உதவ விரும்பும் உறுப்பினர்கள் நூலகரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்; கையெழுத்து தெளிவாக இருப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு.

செயலாளர்