ஆறாவது, ஏழாவது, எட்டாவது இங்கிலீஷ்: கைடு வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடில இருக்க நம்ம புக்கு கடைக்கு வடுவூர், நீடாமங்கலம், கோட்டூர்னு சுத்துப்பட்டுலேர்ந்து வர்ற அப்பா அம்மாமாருங்க ஜூன் மாசம் வந்துட்டா மொதல்ல கேக்குறது "ஆறாவதுக்கு இங்கிலீஷ் கைடு இருக்கா"ன்னுதான். இருக்கு, விக்கிறோம். ஆனா மேட்டூர் தண்ணிய எதிர்பாத்து குறுவைக்கு விதை, உழவு, நடவுக் கூலின்னு கையில இருக்க காசெல்லாம் வயலுக்குப் போற நேரத்துலதான் பள்ளிக்கூடமும் தொறக்குது, அதனால எது இப்பவே வேணும் எதை அப்புறமா பாத்துக்கலாம்னு தெளிவா சொல்லிடணும்னுதான் இந்த மடல்.

சமச்சீர்ல ஆறாவது, ஏழாவதுக்கு மூணு பருவம், பருவத்துக்கு ஒரு செட்டு புக்கு, தமிழும் இங்கிலீஷும் ஒரே புக்குல சேந்து வரும். எட்டாவதுக்கு மட்டும் வருஷம் முழுக்க ஒரே இங்கிலீஷ் புக்கு. கவர்மெண்ட் ஸ்கூல், எய்டட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு இலவசமாவே குடுத்துடுவாங்க, அதை எங்ககிட்ட காசு குடுத்து வாங்க வேண்டாம்.

உள்ள என்ன இருக்குன்னா, ஒவ்வொரு யூனிட்லயும் ஒரு ப்ரோஸ் (உரைநடைப் பாடம்), ஒரு போயம் (பாட்டு), ஒரு சப்ளிமெண்டரி (துணைப்பாடம்) கதை. ஆறாவது முதல் பருவத்துல மொதப் பாடமே கடல் ஆமை பத்திதான், நம்ம நாகப்பட்டினம் பக்கம் கடக்கரையில வந்து முட்டை போடுமே பங்குனி ஆமை, அந்த ஜாதியும் அதுல வருது. வேளாங்கண்ணிக்கோ கோடியக்கரைக்கோ போறப்ப பிள்ளைகிட்ட அந்தப் பாடத்தைச் சொல்லச் சொல்லி கேட்டுப் பாருங்க, தமிழும் இங்கிலீஷும் கலந்து சொன்னாலும் பரவால்ல, அப்படிச் சொல்ல ஆரம்பிச்சாத்தான் வார்த்தை மனசுல நிக்கும். எட்டாவதுல ராஜாஜி எழுதுன மூக்குத்தி கதை இருக்கு, அதுல ஒரு சிட்டுக்குருவி ஜோடியும் வரும், அதை நீங்களே தமிழ்ல கேட்டீங்கன்னாலும் பிடிக்கும்.

கிராமர்னு பாத்தா பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் (பெயர்ச்சொல், வினைச்சொல் மாதிரி சொல் வகை), ஆர்ட்டிகிள் (a, an, the), ப்ரிபொசிஷன் (in, on, at மாதிரி சொல்லு), டென்ஸ் (காலம்) இதெல்லாம்தான் அடிப்படை. இதுல டென்ஸ்தான் ரொம்பப் பேருக்கு இடறுது, அதை கைடுல இருக்க விடையைப் பாத்து எழுதி சரி பண்ண முடியாது, நேத்து என்ன பண்ணுனோம் நாளைக்கு என்ன பண்ணப் போறோம்னு தெனம் ரெண்டு மூணு வரி சொந்தமா எழுதணும். அதுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு போதும். கையெழுத்து கோணுற பிள்ளையா இருந்தா கூட ஒரு ஃபோர் லைன் நோட்டு வாங்கிக்கங்க.

இன்னொன்னு நெறைய பேருக்குத் தெரியல. ஆறாவது ஏழாவதுல ஒரு பருவத்துக்கு நூறு மார்க்குன்னா அதுல 60தான் பரீட்சை, பாக்கி 40 கிளாஸ்ல பண்ற செயல்பாடும் சின்னச் சின்ன டெஸ்ட்டும். வாசிக்கிறது, பேசுறது, நடிச்சுக் காட்டுறது எல்லாம் அதுல வந்துடும். கூச்சப்படாம வாய் விட்டுப் படிக்கிற பழக்கத்தை எந்தக் கைடும் குடுக்காதுங்க, அது வீட்ல சத்தம் போட்டுப் படிச்சாத்தான் வரும், நமக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு ஒதுங்கிடாதீங்க, பக்கத்துல உக்காந்து கேட்டாலே பிள்ளைக்குத் தெம்பு.

அதனால எங்க யோசனை, மொதல்ல ஒரு நல்ல இங்கிலீஷ் தமிழ் டிக்ஷனரி வாங்குங்க, ஒன்னு வாங்குனா மூணு வருஷத்துக்கும் ஆகும், தம்பி தங்கச்சிக்கும் ஆகும். கைடை முதல் பருவம் முடிஞ்சு மார்க்கைப் பாத்துட்டு யோசிக்கலாம்.

சிபிஎஸ்இ பிள்ளைங்க வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. ஆறாவதுக்கு 2024லயும் ஏழாவது எட்டாவதுக்கு 2025லயும் என்சிஇஆர்டி (மத்திய அரசோட பாடப்புத்தக நிறுவனம்) போடுற இங்கிலீஷ் புக்கு மாறிடுச்சு, இப்ப மூணு கிளாஸுக்குமே பேரு பூர்விதான், அதனால வாங்கும்போது அட்டையில எந்த கிளாஸுன்னு பாத்து வாங்குங்க, அக்கா அண்ணன் படிச்ச பழைய ஹனிசக்கிள், ஹனிகோம்ப், ஹனிட்யூ எதையும் செகண்ட்ஹேண்டுல வாங்கிடாதீங்க.

சமச்சீர் புக்குல இருக்க க்யூஆர் கோடை எப்படி ஸ்கேன் பண்றதுன்னு தெரியலன்னா புக்கையும் போனையும் எடுத்துக்கிட்டு கடைக்கு வாங்க, ஒன்னும் வாங்கலன்னாலும் தம்பிங்க பொறுமையா சொல்லித் தருவாங்க. சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் கூட்டமா இருக்கும், மத்தியானம் வந்தா நிதானமா பேசலாம்.