நம் ஆலயப் பங்கின் தேவை குறித்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இறையருளால் இங்கு அம்மாவும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமாயிருக்க நாள்தோறும் செபிக்கிறோம்.

இதை நலம் விசாரிப்பதற்காக மட்டும் எழுதவில்லை. நம் பங்கின், அதாவது நம் ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் சமூகத்தின், ஆண்டு வரவு செலவுக் கணக்கைப் பங்குத்தந்தை சென்ற ஞாயிறு திருப்பலியின் இறுதியில் வாசித்தார். செலவு வரவை மிஞ்சி நிற்கிறது. பாடகர் குழு அமரும் பக்கத்தில் கூரை ஒழுகுவதை இனியும் தள்ளிப்போட முடியாது. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் குடியேறிவிட்ட நம் பங்கு மக்களுக்கும் கடிதம் எழுதி உதவி கேட்பதென நிதிக்குழு முடிவு செய்து, அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. மற்றவர்களுக்கு எழுதுவதற்கு முன் உனக்கு எழுதுவதே முறை என்று எனக்குப் பட்டது. சொந்த மகளிடம் கேட்கத் தயங்குகிறவன் ஊராரிடம் எந்த முகத்தோடு கேட்பான்?

முன்பொரு முறை தொலைபேசியில் பேசியபோது, வத்திக்கானில் இத்தனை செல்வம் இருக்க நம்மைப் போன்றவர்களிடம் ஏன் கேட்கிறார்கள் என்று நீ வினவினாய். கேட்கத் தகுந்த கேள்விதான். பலருக்கும் அந்த எண்ணம் உண்டு. ஆனால் உண்மை நிலை வேறு. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி முறையாக நிறுவப்பட்ட ஒவ்வொரு பங்கும் ஒரு தனி மனிதரைப் போலவே தனக்கென உரிமையும் கடமையும் உடைய ஒரு சட்ட ஆள். அதன் சொத்து அதற்கு உரியது, அதன் கடனையும் அதுவே அடைக்க வேண்டும். மாதந்தோறும் உரோமையிலிருந்து பங்குகளுக்குப் பணம் வரும் ஏற்பாடு எதுவும் கிடையாது. பெரும்பாலும் பணம் எதிர்த்திசையில்தான் செல்கிறது. மறைமாவட்டத்தின் தேவைகளுக்காக ஆயர் தம் அதிகாரத்துக்கு உட்பட்ட பங்குகளிடமிருந்து மிதமான ஒரு வரியைப் பெறலாம் எனச் சட்டம் அனுமதிக்கிறது. உலகெங்கும் ஆலயங்களில் திரட்டும் புனித பேதுரு காணிக்கை திருத்தந்தையின் திருச்சபைப் பணிகளுக்கும் அறப்பணிகளுக்கும் போகிறது. புனித வெள்ளியன்று திரட்டுவது இயேசு வாழ்ந்த திருநாட்டின் கிறிஸ்தவர்களுக்குப் போகிறது. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1926இல் ஏற்படுத்திய மறைபரப்பு ஞாயிறன்று சேர்வது, புதிதாக நம்பிக்கை வேரூன்றும் இடங்களின் ஆலயங்களுக்கும் குருமடங்களுக்கும் போகிறது. ஓர் ஏழைப் பங்குக்கு வெளியிலிருந்து உதவி வருகிறது என்றால், அதுவும் வேறெங்கோ ஒரு பங்கில் யாரோ ஒருவர் காணிக்கைப் பையில் போட்ட பணமே. ஜெர்மனி போன்ற சில நாடுகளில் அரசே திருச்சபை வரியை வசூலித்துத் தருகிறது. அவ்வாறு இல்லாத இடங்களில் பங்கு மக்களின் கையைத் தவிர பங்குக்கு வேறு வழியில்லை.

ஞாயிறு கடைசித் திருப்பலி முடிந்ததும் பீடத்தின் பின்னுள்ள அறையில் காணிக்கையை எண்ணுபவர்களில் நானும் ஒருவன் என்பது உனக்குத் தெரியும். யாரும் தனியாக எண்ணுவதில்லை, மூவர் அமர்வோம். கசங்கிய தாள்களை நீவி அடுக்கி, நாணயங்களை வகை பிரித்து, உறைகளின் மேல் எழுதிய தொகையும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகின்றனவா எனப் பார்த்து, ஒருவர் எண்ணியதை மற்றொருவர் மறுபடி எண்ணி, மூவரும் கையெழுத்திட்ட பிறகே பணம் பைக்குள் வைத்துப் பூட்டப்படும். சில தாள்கள் நகத்தால் அழுத்தி மடித்து மடித்து விரல்நுனி அளவுக்குச் சுருக்கப்பட்டிருக்கும். பையில் போடும்போது தொகை பிறர் கண்ணில் படக் கூடாதென்று யாரோ அப்படி மடித்திருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் மிகச் சிறிய மதிப்புள்ள தாளாக இருக்கும். எவருடையது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. ஆனால் மழையானாலும் விடுமுறையானாலும் அந்த மடிப்பு வாரம் தவறுவதில்லை. எருசலேம் ஆலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து, ஏழைக் கைம்பெண் போட்ட இரு காசுகளை ஆண்டவர் கவனித்ததாக மாற்கு எழுதியிருப்பதை நான் இப்போது எண்ணும் மேசையில் இருந்துதான் புரிந்துகொள்கிறேன்.

அந்த மேசையில் கற்ற இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். விடுமுறைக் காலங்களில் ஆலயத்துக்கு வருகிறவர்கள் குறைந்தால் காணிக்கையும் குறைந்துவிடுகிறது. ஆனால் செலவு விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை. ஆலயப் பணியாளருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் தர வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும், மறைக்கல்விப் புத்தகங்கள் வாங்க வேண்டும். நற்கருணைக்குத் தூய கோதுமை அப்பமும் கலப்பில்லாத திராட்சை இரசமும்தான் பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். விலை குறைவு என்று வேறொன்றை வாங்கிவிட முடியாது. நற்கருணைப் பேழையின் முன் விளக்கு இரவும் பகலும் எரிய வேண்டும். பெருவிழாக்களுக்குத் தாராளமாகக் கொடுக்க நம்மவர்கள் தயங்குவதில்லை, அலங்காரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் கேட்காமலே வந்துவிடும். பூசப்படாத சுவரும் பழுதான குழாயும் யாருடைய பெயரையும் தாங்காத செலவுகள் என்பதால் அவற்றுக்கு ஆள் கிடைப்பதில்லை. என் கருத்தில், பங்கின் உயிர் இந்தப் பெயரில்லாத செலவுகளில்தான் இருக்கிறது. நான் உன்னிடம் கேட்பதும் அவற்றுக்காகவே.

பங்குத்தந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு குறிப்பிட்ட வேண்டுதலுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேட்டுத் தரும் காணிக்கையே அவருக்குப் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும், திருப்பலியில் கட்டாயம் பங்கேற்க வேண்டிய கடன் திருநாட்களிலும் ஒரு திருப்பலியை எந்தக் காணிக்கையும் பெறாமல் தம் பங்கு மக்களுக்காக அவர் ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர். அந்தத் திருப்பலியில், தொலைவில் இருந்தாலும், உன்னையும் நினைத்துக்கொள்கிறோம். நற்செய்தியை அறிவிப்போர் அந்தப் பணியாலேயே வாழ வேண்டும் என்பது ஆண்டவரின் ஏற்பாடு எனப் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். திருச்சபைச் சட்டத்தின் 222ஆம் எண்ணும் இதையே கடமையாக வைக்கிறது: இறைவழிபாட்டுக்கும், திருத்தூதுப் பணிக்கும், அன்புப் பணிகளுக்கும், பணியாளர்களின் தகுந்த வாழ்வுக்கும் வேண்டியவை கிடைக்கும்படி நம்பிக்கையாளர் திருச்சபைக்கு உதவ வேண்டும். அதே எண்ணின் அடுத்த பகுதி, தம் சொந்த வருவாயிலிருந்து ஏழைகளுக்கு உதவுவதையும் கடமையாக்குகிறது. இரண்டையும் சேர்த்தே வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆலயத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி வாசலில் நிற்பவரைக் கடந்து போக அது இடம் கொடுக்கவில்லை.

இது பிற்காலத்தில் யாரோ புகுத்திய பழக்கம் அன்று. எருசலேமில் இருந்த ஏழைச் சகோதரர்களுக்காக, வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்ப ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்க வேண்டுமெனப் பவுல் கேட்டுக்கொண்டார். தாம் வந்த பிறகு அவசரமாகத் திரட்டுவதை அவர் விரும்பவில்லை. கி.பி. 155ஐ ஒட்டி உரோமைப் பேரரசருக்குத் தம் விளக்கவுரையை எழுதிய மறைசாட்சி புனித ஜஸ்டின், கிறிஸ்தவர்களின் ஞாயிறு வழிபாட்டை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும்போது காணிக்கையையும் சொல்கிறார். வசதி உள்ளவர்கள் தாம் விரும்பியதை மனமுவந்து கொடுக்கிறார்கள். அது தலைமை தாங்குபவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவர் அதைக் கொண்டு அனாதைகளையும் கைம்பெண்களையும் நோயாளிகளையும் சிறையில் இருப்போரையும் அந்நியரையும் பேணுகிறார். ஆலயக் கட்டடங்கள் எழும்பாத, பிடிபட்டால் உயிர் போகும் அந்நாளிலேயே இது வழிபாட்டின் பகுதியாக இருந்திருக்கிறது. இன்றும் அப்பத்தையும் இரசத்தையும் பீடத்துக்குக் கொண்டுசெல்லும் வேளையில்தான் காணிக்கை எடுக்கிறோம். அந்த இடத்தில் ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதைக் குழந்தைகளுக்கு நீ சொல்லிக் கொடு. அவர்கள் கையாலேயே போடட்டும்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். காணிக்கை என்பது திருமுழுக்கு, திருமணம் போன்ற அருளடையாளங்களுக்கு நாம் கட்டும் கட்டணம் அன்று. வறுமையின் காரணமாக எவருக்கும் அருளடையாளங்கள் மறுக்கப்படாதபடி பணியாளர்கள் எப்போதும் கவனமாயிருக்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது; திருப்பலிக் காணிக்கையில் வணிகத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும் என்று நிதிக்குழுவில் ஒரு யோசனை வந்தபோது நான் அதை எதிர்த்துப் பேசினேன். வாசித்தால் வரவு கூடும் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் தாளை மடித்து மடித்துப் போடுகிற அந்தக் கை அடுத்த வாரம் வெட்கத்தால் பின்வாங்கும் என்றால், அப்படிக் கூடும் வரவு நமக்கு வேண்டாம்.

பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்ற உன் ஐயத்தையும் நான் தட்டிக்கழிக்க மாட்டேன். திருச்சபையில் பணம் தவறாகக் கையாளப்பட்ட செய்திகளை நீ வாசித்திருக்கிறாய். நானும் மனம் நொந்து வாசித்திருக்கிறேன். ஆனால் அதற்குரிய மருந்து கையை மூடிக்கொள்வதில் இல்லை, கணக்கைக் கேட்பதில் இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 537ஆம் எண். நம்பிக்கையாளர்கள் கொடுத்த பொருளுக்கு அவர்களிடமே கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்கிறது 1287ஆம் எண். குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்கிறது 1267ஆம் எண். கூரைக்கென்று நீ கொடுப்பது கூரைக்கே போக வேண்டும். பவுலே தாம் திரட்டிய கொடையைத் தனியாகக் கொண்டுபோகாமல், எவரும் குறை சொல்ல இடம் தராதபடி, சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரரையும் உடன் அழைத்துக்கொண்டார். எனவே கணக்குக் கேட்பதை நம்பிக்கைக் குறைவு என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதே. ஆனால் பங்குத்தந்தையோடு ஏற்பட்ட மனத்தாங்கலுக்காகச் சிலர் காணிக்கையை நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார். நாம் நிறுத்தியதன் வலி மறைக்கல்விக் குழந்தைகளுக்கும், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினர் மருந்து வாங்கித் தரும் முதியவர்களுக்கும்தான் போய்ச் சேரும்.

எவ்வளவு கொடுப்பது என்று நீ கேட்பாய். பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒரு பங்கு இருந்தது. இன்றைய திருச்சபைச் சட்டம் அத்தகைய அளவு எதையும் விதிக்கவில்லை. அவரவர் திறனுக்கு ஏற்ப என்றே கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. மன வருத்தத்தோடோ கட்டாயத்தாலோ வேண்டாம், உள்ளத்தில் தீர்மானித்தபடி கொடுங்கள் என்பது பவுலின் அறிவுரை. தீர்மானித்தபடி என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்கிறேன். மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவதைத் தருவதென்றால் எதுவும் மிஞ்சாது. சம்பளம் வந்தவுடன் ஒதுக்கிவிடு. நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து பேசி, இருவருக்கும் மனம் ஒத்த ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அது சிறியதாக இருக்கட்டும், ஆனால் மாதம் தவறாமல் வரட்டும். எப்போதாவது வரும் பெருந்தொகையைக் காட்டிலும், வரும் என்று நம்பித் திட்டமிடக்கூடிய சிறு தொகையே நிதிக்குழுவுக்கு உதவும். வீட்டுக் கடன் நெருக்குகிறது என்றால் இப்போது கொடுக்க வேண்டாம். அதை என்னிடம் மறைக்கவும் வேண்டாம்.

நீ இப்போது திருப்பலிக்குச் செல்லும் பங்குக்கே உன் முதல் கடமை. உன் பிள்ளைகள் முதன்முறை நற்கருணை பெறும் புதுநன்மைக்குப் பாடம் சொல்பவர்களும், நள்ளிரவில் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலுக்கு அழைத்தால் வரப்போகிறவரும் அங்குதான் இருக்கிறார்கள். அங்கே உங்கள் குடும்பத்தின் பெயர் பங்குப் பதிவேட்டில் இல்லையென்றால் முதலில் பதிந்துகொள். அங்கே கொடுக்க வேண்டியதை எடுத்து வைத்த பிறகு, இயன்றதை இங்கு அனுப்பு. அங்குள்ளதைக் குறைத்து இங்கே அனுப்புவதை நம் பங்குத்தந்தையும் விரும்ப மாட்டார். பணத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை; கணக்குப் படித்தவள் நீ, அந்தப் பங்கின் நிதிக்குழுவுக்கு அப்படிப்பட்டவர்கள் தேவைப்படுவார்கள், நீயாகப் போய்க் கேள்.

நிதிக்குழு அடுத்த மாதத் தொடக்கத்தில் கூடி, கூரை வேலையை ஒரே முறையில் செய்வதா, பகுதி பகுதியாகச் செய்வதா என்று முடிவெடுக்கும். அதற்கு முன் உங்கள் தீர்மானத்தை எழுதினால், எவ்வளவை எதிர்பார்க்கலாம் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ள வசதியாக இருக்கும். பணத்தை என் கணக்குக்கு அனுப்பாதே. பங்கின் வங்கிக் கணக்குக்கே அனுப்பி, கூரைக்கா பொதுச் செலவுக்கா என்று குறிப்பிடு. இரசீது பங்கு அலுவலகத்திலிருந்து உன் பெயருக்கு வரும். வரவில்லையென்றால் கேட்டு வாங்கிக்கொள்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
அப்பா