யாழ்ப்பாணத்தில கிணத்துத் தண்ணி ஆய்வு செய்யிற எல்லாருக்கும்: கிணத்தைச் சீட்டுக் குலுக்கி எடுங்கோ

மதிப்புக்குரிய திணைக்கள அதிகாரிகள், கம்பஸ் விரிவுரையாளர்கள், என்ஜிஓக்களில ஃபீல்டுக்குப் போற தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஆர் (R) எண்ட புள்ளிவிவர மென்பொருளில மப்பும் டேற்றாவும் எண்டு வேலை செய்யிற ஆள், இருக்கிறது வலிகாமத்தில, குடிக்கிறது கிணத்துத் தண்ணி. எங்களுக்கு நம்பி இருக்க ஒரு ஆறு இல்லை, வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான் ஓடும், மழை சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இறங்கித்தான் கிணத்துக்கு வருது, தோட்டத்துக்குப் போடுற யூரியாவும் மலசலகூடக் குழியில இருக்கிறதும் அதே கல்லுக்குள்ளதான் இறங்குது. அதால நீங்கள் செய்யிற நைத்திரேற்று ஆய்வு ஒவ்வொண்டும் எங்கட வீட்டுச் சமாச்சாரம்.

லாப்பில ஒழுங்காத்தான் பாக்கிறியள், அதில எனக்கு ஒரு குறையும் இல்லை. எந்தக் கிணத்தில தண்ணி அள்ளுறது எண்டு முடிவெடுக்கிறியளே, அங்கதான் பிழைக்குது. நான் பார்த்த கனக்க றிப்போட்டுகளில புள்ளியளை மப்பில போட்டுப் பார்த்தால் முக்கால்வாசி ரோட்டுக்கரையில கிடக்கு, வான் போகக்கூடிய ரோட்டு, தெரிஞ்ச ஆக்களின்ர வீடு, கோயில் கிணறு, பள்ளிக்கூடக் கிணறு. பிறகு கடைசிப் பக்கத்தில "மாவட்டத்தில இத்தனை வீதமான கிணறுகள் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல" எண்டு எழுதிவிடுறியள். அந்த 50 உலக சுகாதார நிறுவனத்தின்ர வழிகாட்டி அளவு, அதோட எனக்குச் சண்டையில்லை, "மாவட்டத்தில" எண்டு சொல்ல என்ன ஆதாரம் எண்டுதான் கேக்கிறன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் எண்டது ஒரே கொதியில வெந்த சோற்றுக்குச் சொன்னது. எங்கட நிலத்தடித் தண்ணி சுன்னாகம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை எண்டு நாலு பக்கமாப் பிரிஞ்சு கிடக்கு, செம்மண்ணில வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில இருக்கிற கிணறும் வல்லிபுரத்து மணல் கிணறும் ஒண்டாகுமே?

சுன்னாகத்துக் கிணறுகளில கழிவு ஒயில் எண்டு சனம் ரோட்டுக்கு இறங்கின காலத்தில ஒருத்தர் இருக்கு எண்டினம், இன்னொருத்தர் இல்லை எண்டினம், எந்தக் கிணறுகள், ஆர் தெரிஞ்செடுத்தது, எப்பிடித் தெரிஞ்செடுத்தது எண்டு கேட்ட சனத்துக்கு வடிவா ஒரு மறுமொழி கிடைக்கேல்லை. குலுக்கி எடுத்த கிணறுகள், இந்தா குலுக்கின முறை எண்டு காட்டியிருந்தால் அரைவாசிச் சண்டை அதோட முடிஞ்சிருக்கும்.

செய்யிறது கஷ்டமும் இல்லை, காசும் இல்லை, ஆர் மென்பொருளும் இலவசம், மப் வேலைக்கான கியூஜிஐஎஸ்ஸும் (QGIS) இலவசம். ஆனால் முதல் எல்லையைச் சரியா எடுக்கவேணும். பிரதேச செயலக எல்லை எண்டு வட்ஸ்அப்பில ஷேப் ஃபைல் (மப்பின்ர எல்லைக்கோடு இருக்கிற ஃபைல்) அனுப்பேக்க டொட் எஸ்எச்பியை (.shp) மட்டும் அனுப்புறியள், கூட வரவேண்டிய டொட் பிஆர்ஜே (.prj) இல்லாட்டி அது எந்தக் கிறிட்டில, அதாவது எந்த ஆள்கூற்று முறையில கிடக்கெண்டு மென்பொருளுக்குத் தெரியாது. யாழ்ப்பாண டவுன் பழைய கண்டவல கிறிட்டில கிழக்கு 1.1 இலட்சம் சொச்சம், வடக்கு 4.9 இலட்சம் சொச்சம், 1999 கிறிட்டில அதே டவுன் 4.1 இலட்சம், 7.9 இலட்சம். 1999 கிறிட்டு இலக்கத்தைப் பழைய கிறிட்டெண்டு போட்டால் டவுன் கிழக்காலயும் வடக்காலயும் 300 கிலோமீற்றர் வீதம் தள்ளி வங்காள விரிகுடாவுக்குள்ள நிக்கும். இவ்வளவு பெரிய பிழையெண்டால் கண்ணில படும், திருத்தலாம். படாத பிழைதான் பொல்லாதது: எல்லைக்கோட்டுப் பொலிகனுக்குள்ள கடல்நீரேரியும் குளமும் வெட்டாமல் கிடக்கும், புள்ளி தண்ணிக்குள்ள விழும், ஃபீல்டில நிக்கிற பிள்ளை "சரி கரையில இருக்கிற வீட்டில எடுப்பம்" எண்டு எடுக்கும், அப்ப கரையோர உப்புக் கிணறுகள் கணக்குக்கு மேல சேர்ந்திடும். தண்ணியை முதலே வெட்டி எடுங்கோ. வலிகாமம் வடக்கில ஆமியிட்ட இருந்து இன்னும் விடுபடாத காணியளையும் வெட்டிப்போட்டு, வெட்டினதெண்டு றிப்போட்டில எழுதுங்கோ.

அடுத்தது ஆர் மென்பொருளின்ர எஸ்எஃப் (sf) எண்ட மப் பாக்கேஜில எஸ்டி சாம்பிள் (st_sample) எண்ட கட்டளையைக் குடுத்து மாவட்டம் முழுக்க றண்டமாப் புள்ளி எடுக்கிறது. இதில ஒரு பொறி இருக்கு. அது பரப்பளவுக்குத்தான் பங்கு போடும், ஆக்களுக்கோ கிணறுகளுக்கோ இல்லை. மருதங்கேணிப் பக்கம் வெறும் மணலிலயும் பத்தையிலயும் புள்ளி குவியும், ஒழுங்கைக்கு ஒழுங்கை கிணறு இருக்கிற நல்லூருக்கு ஒண்டு ரெண்டுதான் வரும். அதால 15 பிரதேச செயலகப் பிரிவுக்கும் தனித்தனி எண்ணிக்கை குடுங்கோ, அந்தக் கட்டளையில சைஸ் (size) எண்ட இடத்தில ஒரு இலக்கத்துக்குப் பதிலா 15 இலக்கத்தை வரிசையாக் குடுத்தால் அது பிரிவு பிரிவா எடுத்துத் தரும். பிறகு மாவட்டச் சராசரி எடுக்கேக்க ஒவ்வொரு பிரிவிலயும் எத்தனை கிணறு எண்டதுக்கு ஏத்த நிறை போடவேணும், இல்லாட்டி நெடுந்தீவும் நல்லூரும் ஒரே எடையில நிக்கும்.

புள்ளி விழுந்த இடத்துக்குக் கிட்ட இருக்கிற கிணத்தை எடுக்கிறதும் சரியில்லை. தனிச்சு நிக்கிற தோட்டக் கிணத்துக்குச் சுத்திவர வெளி கூட, எந்தப் புள்ளி விழுந்தாலும் அதுதான் கிட்டக் கிணறு, நெருக்கமான வளவுக் கிணறுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கிணறுகளின்ர பட்டியல் ஜிஎஸ்மாரிட்ட (கிராம சேவகர்) இருந்தால் அதிலயே குலுக்குங்கோ, அதுதான் எல்லாத்திலயும் நல்லது. இல்லாட்டி புள்ளியைச் சுத்தி 100 மீற்றருக்குள்ள இருக்கிற கிணறுகளை எண்ணி, அதில ஒண்டைச் சீட்டில எடுத்து, எத்தனைக்குள்ள எடுத்தது எண்டதையும் எழுதுங்கோ, அந்த எண்ணிக்கைதான் பிறகு நிறை. மீற்றர் கணக்குக்கு யூரிஎம் (UTM) 44 வடக்கு எண்ட கிறிட்டுக்கு மாத்திப்போட்டுச் செய்தால் காணும். ஒரு கிணறும் இல்லாட்டி பூச்சியம் எண்டு எழுதிப்போட்டு வாங்கோ, பக்கத்து ஒழுங்கைக்குத் தாண்ட வேண்டாம்.

எங்கட ஊரில பூட்டின கேற் எத்தினை எண்டு உங்களுக்குத் தெரியும், சொந்தக்காரர் கனடாவில, லண்டனில. அந்த வீட்டை விட்டிட்டு ஆள் இருக்கிற அடுத்த வீட்டுக்குப் போறதுதான் இப்ப வழக்கம். அள்ளாத கிணத்துத் தண்ணியும் தினம் மோட்டர் போட்டு இறைக்கிற கிணத்துத் தண்ணியும் ஒரே மாதிரி இருக்கும் எண்டு ஆரும் சொல்ல ஏலாது. பூட்டின வீட்டுக்குப் பதிலாப் போற ரிசேவ் புள்ளியளையும் முதலே குலுக்கி வரிசையா வைச்சிருங்கோ, எத்தனை கேற் பூட்டியிருந்தது எண்டதையும் மறைக்காமல் போடுங்கோ.

குலுக்கலைத் தொடக்கிற செட் சீட் (set.seed) கட்டளைக்குக் குடுத்த இலக்கத்தை, ஆர் மென்பொருளின்ர வேர்ஷனை, எல்லை ஃபைலை, ஸ்கிரிப்டை முதல் கிணத்தடிக்குப் போக முன்னமே வெளியில போடுங்கோ. வேர்ஷன் ஏன் எண்டால் 2019இல வந்த 3.6.0ஓட பட்டியலில இருந்து குலுக்கிற முறையே மாறினது, அதே செட் சீட் இலக்கத்தைக் குடுத்தாலும் பழைய வேர்ஷனில வேற கிணறுகள் வரும். சில இடங்களில இன்னும் ஆர்ஜிடால் (rgdal) எண்ட பழைய மப் பாக்கேஜ் வைச்சு எழுதின ஸ்கிரிப்ட் ஓடுது, அந்தப் பாக்கேஜை 2023 ஒக்டோபரோட ஆர் பாக்கேஜுகள் இருக்கிற கிரான் (CRAN) தளத்தில இருந்து எடுத்தாச்சு, தயவுசெய்து எஸ்எஃப்புக்கு மாறுங்கோ. வீட்டுக்காரரின்ர பேரும் விலாசமும் வெளியில வேண்டாம், முடிவுகளை ஜிஎஸ் பிரிவோட நிப்பாட்டினால் போதும்.

ஸ்கிரிப்ட் எழுதித்தர நான் வாறன், காசு வேண்டாம். மாரி முடிஞ்சு தையில கிணறு நிரம்பி நிக்கேக்க ஒருக்கா, ஆவணியில வத்தினாப்போல ஒருக்கா, அதே கிணறுகளுக்குத்தான் ரெண்டு தரமும் போகவேணும், அதால மார்கழிக்குள்ள குலுக்கி முடிக்கிறதெண்டால் எல்லை ஃபைலை, டொட் பிஆர்ஜேயும் சேர்த்து, இப்பவே அனுப்புங்கோ.

இப்படிக்கு,
வலிகாமத்தில இருந்து ஒரு டேற்றா வேலைக்காரன்