எஸ்.ஆர்.ஒய். பரிசோதனை: இந்திய தடகள சம்மேளனத்துக்கு ஒரு திறந்த மடல்

சம்மேளன நிர்வாகிகளுக்கு வணக்கம்.

பெண்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தரவரிசைக்குரிய போட்டிகளில் பெண்கள் பிரிவில் இறங்க எஸ்.ஆர்.ஒய். மரபணுப் பரிசோதனை கட்டாயம் என்பது உலகத் தடகள சம்மேளனத்தின் விதி. எஸ்.ஆர்.ஒய். என்பது பொதுவாக ஒய் குரோமோசோமில் இருக்கும், கருவில் ஆண் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் மரபணு. வாழ்நாளில் ஒருமுறை, கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தேய்த்தெடுத்த மாதிரி அல்லது ரத்தம் போதும். நடத்தும் பொறுப்பு அந்தந்த நாட்டுச் சம்மேளனத்துடையது. எங்கள் கவலையெல்லாம் அதை நீங்கள் நடத்தப்போகும் விதம் பற்றியதுதான்.

அந்த மரபணு 'இருக்கிறது' என்று முடிவு வந்தாலே தகுதி போய்விடாது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 8 வீராங்கனைகளுக்கு அப்படி வந்தது. 8 பேருமே போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை உடல் முற்றிலும் ஏற்காத பெண்களுக்கு இப்போதைய விதியிலும் விலக்கு உண்டு. அதைக் கண்டறிய ஹார்மோன் அளவு, ஆண்ட்ரோஜன் ஏற்பி மரபணு (ஆண் ஹார்மோனுக்கு உடல் செவிசாய்க்க உதவுவது), நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் பரிசோதனை மூன்றும் தேவை. முதல் முடிவை வைத்தே ஒருவரை முகாமிலிருந்து அனுப்பிவிடாதீர்கள்.

ஆய்வகத்திலும் தவறு நேரும். மரபணுவின் சிறு துணுக்கைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். மிக நுட்பமான முறை. மாதிரியைக் கையாளும் ஆணின் செல்கள் சில கலந்தாலே தவறான முடிவு வரலாம். ஆகவே மாதிரியைப் பெண் செவிலியர் எடுக்கட்டும். இரண்டு குச்சிகள், பெயருக்குப் பதில் குறியீட்டு எண், கூடவே யார் மீதும் தேய்க்காத ஒரு வெற்று மாதிரி. வெற்று மாதிரியும் 'இருக்கிறது' என்று காட்டினால் அந்தத் தொகுதி முழுவதையும் தள்ளுபடி செய்ய வேண்டும். உறுதிப்படுத்தும் சோதனைக்குப் புதிய மாதிரி, வேறு ஆய்வகம்.

ஒப்புதல் படிவம் வீராங்கனையின் தாய்மொழியில் இருக்கட்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரும் உடனிருக்க வேண்டும். முடிவை மரபணு ஆலோசகர் நேரில் சொல்ல வேண்டும், பயிற்சியாளர் வழியாக ஒருபோதும் கூடாது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று கூறப்பட்டு, அவரது மருத்துவ விவரம் ஊடகங்களில் அலசப்பட்டது. பதக்கத்தோடு அந்தரங்கமும் பறிபோனது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017இல் தீர்ப்பளித்தபின் அப்படியொன்று மீண்டும் நடந்தால் மன்னிக்கவே முடியாது.

சட்ட விவாதமும் முடிந்துவிடவில்லை. 2015இல் இந்திய ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் வழக்கில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம், பெண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கு வரம்பு வைத்த அன்றைய ஹார்மோன் விதியை நிறுத்தி வைத்தது; அந்த ஹார்மோன் தரும் சாதகம் எவ்வளவு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே காரணம். 2025 ஜூலை 10 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பிந்தைய ஹார்மோன் விதியை எதிர்த்து வழக்காடிய தென்னாப்பிரிக்க ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமென்யாவுக்குச் சுவிஸ் நீதிமன்றத்தில் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றது. விதி சரியா என்ற கேள்விக்குள் அது போகவில்லை. எனவே ஒவ்வொரு கட்டத்தையும் எழுத்தில் பதியுங்கள். மேல்முறையீட்டில் வீராங்கனைக்குக் கைகொடுக்கும் ஆவணம் அதுதான்.

அடுத்த தேர்வுப் போட்டிக்கு முன் இந்த நடைமுறையை வெளியிடுங்கள். பொறுப்பு மருத்துவரின் பெயரும் மேல்முறையீட்டுக் காலக்கெடுவும் அதில் இருக்கட்டும். மாவட்டப் போட்டிகளுக்கு இந்தச் சோதனையை நீட்டிக்க வேண்டாம். உலக விதி அதைக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
விளையாட்டு மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் சிலர்