ரயில் வராத ஊர்

அன்புள்ள சுடலை,

ஏழு மாதமாகப் பதில் போடாதவன் திடீரென்று எழுதுகிறானே, கடன் கேட்கத்தான் என்று நினைத்திருப்பாய். இல்லைலே. அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நீதான் கூட இருந்தாயாம், தங்கச்சி சொன்னாள். நன்றி சொன்னால் ஏசுவாய், அதனால் விட்டுவிடுகிறேன்.

போன வாரம் டென்வரிலிருந்து கிழக்கே கன்சாஸ் பக்கம் காரில் போனேன். 24-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் நிக்கோடிமஸ் என்றொரு ஊர். மேயர் கிடையாது, நகராட்சி கிடையாது. 2020 கணக்கெடுப்பில் 14 பேர். உங்கள் வீட்டுப் பந்தியில் ஒரு வரிசைக்குக் காணாது. இறங்கி நின்றால் காற்றுச் சத்தம் மட்டும்தான்.

கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பின மக்கள் 1877-இல் அமைத்த ஊர் அது. அடிமைத்தனம் ஒழிந்து பன்னிரண்டே வருஷம். சொந்த நிலம், சொந்த ஊர் என்ற பேச்சை நம்பி வந்திருக்கிறார்கள். எல்லிஸ் என்ற ஊர் வரை ரயில், அப்புறம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மரமில்லாத பொட்டல். 1878-இல் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற அம்மா, "நிக்கோடிமஸ் எங்கே? கண்ணில் படவில்லையே" என்று கேட்டாராம். தரையிலிருந்து அங்கங்கே எழும்பிய புகையைக் கணவர் காட்டினார். மண்ணைக் குடைந்து, குழிக்குள் குடியிருந்தார்கள். அந்த அம்மா அழுதுவிட்டார்.

அந்தப் பொட்டலில் பத்தே வருஷத்தில் பள்ளிக்கூடம், தேவாலயம், ஓட்டல், பேங்க், இரண்டு பத்திரிகை! ரயில் வரட்டும் என்று 1887-இல் 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் போடவும் ஓட்டளித்தார்கள். ஆனால் அவர்கள் எதிர்பார்த்த ரயில் கம்பெனி வரவில்லை. மறு வருஷம் இன்னொரு கம்பெனி வந்தது. சாலமன் ஆற்றுக்குத் தெற்கே தண்டவாளம் போட்டுவிட்டுப் போயிற்று. கடைக்காரர்கள் ஒவ்வொருவராக ஆற்றைத் தாண்டி, இப்போது போக் என்று சொல்கிற இடத்துக்குப் போய்விட்டார்கள். 1953-இல் தபாலாபீஸும் போயிற்று.

இதைப் படித்ததும் உன் மாமாதான் ஞாபகத்துக்கு வந்தார். பைபாஸ் திறந்த அன்று டீக்கடை பாய்லரைப் பற்றவைத்துவிட்டு, மத்தியானம் வரை ஒரு பஸ்ஸும் நிற்காமல், பாலை எல்லாம் நமக்கே ஊற்றிக் கொடுத்தாரே. ஓசிப் பால் என்று சிரித்துக்கொண்டே குடித்தோம். பாவிகள்.

ஆனால் ஒன்று. ஜூலைக் கடைசியில், ஏறக்குறைய நம் கோயில் ஆடிக் கொடை சமயத்தில், நிக்கோடிமஸ்காரர்களின் பேரன் பேத்திகள் நாலா திசையிலிருந்தும் வந்து கூடுகிறார்கள். 14 பேர் ஊரில் நூற்றுக்கணக்கில் கூட்டம். அங்கே பிறக்காதவர்கள்கூட வருகிறார்கள். நான் ஆறு வருஷமாகக் கொடை வரியை மட்டும் போனில் தட்டிவிட்டு, ரசீது எங்கே என்று உன்னிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, இந்த வருஷம் என்றைக்குக் கால் நாட்டுகிறார்கள்? தேதி தெரிந்தால் உடனே சொல், டிக்கெட் விலை ஏறுவதற்குள் போட வேண்டும். அம்மாவிடம் இப்போது சொல்லாதே. போன தடவை மாதிரி ஏமாந்துபோவாள்.

உன்,
கணேசன்