வேலுச்சாமி ஏன் கையெழுத்துப் போட்டான்?

கோத்தகிரி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய அத்தியாயங்களைப் படித்துவிட்டேன். மலையும் பனியும் மனிதர்களும் நன்றாக வந்திருக்கிறார்கள். கதை முட்டிக்கொண்டு நிற்பது ஓரிடத்தில்தான், அது உனக்கே தெரிந்திருக்கிறது. மூத்தவன் வேலுச்சாமி, தம்பிக்குத் தெரியாமல் பூர்வீகத் தேயிலைத் தோட்டத்தை விடுதி கட்டுகிறவருக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த அத்தியாயமே இல்லை. ஆனால் அவன் ஏன் கொடுக்கிறான்? முதலில் குடி என்றாய், பிறகு சீட்டாட்டக் கடன் என்றாய், இப்போது பேராசை என்கிறாய்.

இதில் எதையும் என்னால் நம்ப முடியவில்லை கண்ணு. விடியற்காலைப் பனியில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, நாற்று கருகிவிட்டதா என்று பார்க்க அவன் ஓடுவதை இரண்டாம் அத்தியாயத்தில் நீதானே எழுதினாய்? அப்படிப்பட்டவன் ஒரு பாட்டிலுக்காக நிலத்தை விற்கமாட்டான். அவனுக்கு வெளியிலிருந்து ஒரு கெட்ட குணத்தைக் கொண்டுவந்து ஒட்டாதே. அவனிடம் ஏற்கெனவே இருக்கிற நல்ல குணமே அவனைப் பத்திர அலுவலகம் வரை இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் சிலப்பதிகாரம் நடத்தும்போதெல்லாம் நான் வியந்த இடம் ஒன்று உண்டு. இளங்கோவடிகளுக்கும் உன்னுடையதைப் போலவே ஒரு சிக்கல். நீதி தவறாத பாண்டியன், விசாரணையே இல்லாமல் ஒருவனைக் கொல்லச் சொல்ல வேண்டும். ஊழ்வினை என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஊழையும் சொல்கிறார், ஆனால் அதோடு விடவில்லை. அரசன் ஆடல் மகளிரின் கூத்தில் லயித்திருக்கிறான். கோப்பெருந்தேவி ஊடல் கொண்டு, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவளைச் சமாதானப்படுத்த அமைச்சர்களை விட்டுவிட்டு அவன் விரைகிற வேளையில்தான் பொற்கொல்லன் எதிரே வந்து நிற்கிறான். தேவியின் சிலம்பைத் தான் திருடியது வெளியே வருவதற்குள் வேறொருவன் தலையில் பழியைப் போட வேண்டிய அவசரம் அவனுக்கு. மனைவியின் கோபத்தைத் தணிக்கும் அவசரம் அரசனுக்கு. இரண்டு அவசரங்களும் ஒரு வாசலில் சந்திக்கின்றன. அரசனைக் கெட்டவனாக்க வேண்டிய தேவையே கவிஞருக்கு வரவில்லை. குடியும் அங்கே இருக்கிறது, ஆனால் கடைசியில் வாளை வீசும் காவலனிடம் மட்டும்.

சரி, நம் வேலுச்சாமிக்கு வருகிறேன். இரவு தூக்கம் வராமல் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வாய்மொழியாகப் பிரித்துக் கொடுத்தபோது மூத்தவனுக்குப் பள்ளமும் இளையவனுக்கு ரோட்டை ஒட்டிய சரிவும் வந்ததாக வைத்துக்கொள். பத்திரத்தில் இன்னும் பிரியவில்லை, பட்டா கூட்டுப் பட்டாதான். ஜனவரியில் காற்று அசையாத, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் இரவுகளில் குளிர் கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்கி உறைபனியாகும். காலையில் வெயில் ஏறும்போது பள்ளத்துச் செடி கருகிப் பழுப்பாக நிற்கும், மேலே சரிவு பச்சையாகவே இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் அவன் பள்ளத்தில் நின்றுகொண்டு தம்பியின் பச்சையை அண்ணாந்து பார்க்கிறான். யார் மேலும் குற்றம் இல்லை. அப்பாவும் வேண்டுமென்று செய்யவில்லை. அதனால்தான் அதை அவன் யாரிடமும் சொல்ல முடியாது.

இந்த ஆண்டு அவன் பள்ளத்தில் பாதிச் செடிகளின் கிளைகளைக் குறைத்துக் கவாத்து வெட்டியிருக்கட்டும். கவாத்து வெட்டினால் குறைந்தது மூன்று மாதமாவது அந்தச் செடியில் இலை எடுக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். புதுத் துளிர் வரும் நேரத்தில் பனி விழுகிறது. மீதிப் பாதியும் கருகிவிடுகிறது. இலை ஏஜென்டிடம் முன்பணம் வாங்கியாகிவிட்டது. கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கும் மகளுக்கு அடுத்த தவணை கட்ட வேண்டும். கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று நீ இன்னும் முடிவு செய்யவில்லை. 2000க்கு நகர்த்திவிடு என்பேன். தொண்ணூறுகளில் நல்ல விலை பார்த்த பச்சை இலை, பறிகூலிக்கே கட்டாத அளவுக்கு விழுந்த காலம் அது. நம் தேயிலையை வாங்கிக்கொண்டிருந்த சோவியத் ஒன்றியம் உடைந்ததும், 1998இல் ரூபிள் சரிந்ததும், குன்னூர் ஏலத்தில் விலை இறங்கியதும் நீ படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. வேலுச்சாமிக்கு அவற்றில் ஒன்றும் தெரியக் கூடாது. அவன் கையில் இருப்பது எடைச் சீட்டு மட்டும்தான். ஈரக் கழிவு என்று எழுதி எடையில் பிடித்துக்கொண்டதும், அடியில் முன்பணத்துக்குக் கழித்ததும் போக என்ன மிச்சம் என்று அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். அவனுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு அவன் முடிவெடுக்க வேண்டும். உனக்குத் தெரிந்ததை அவன் தலைக்குள் திணிக்காதே.

தம்பியிடம் கேட்டால் கொடுத்துவிடுவானே என்று வாசகர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கும் விடை உன் கதையிலேயே கிடக்கிறது. தம்பியைப் படிக்க வைக்க மூத்தவன் எட்டாம் வகுப்போடு நின்றதாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அந்த வரியைத் தொடு. இன்று அவன் தம்பி வீட்டு வாசலில் நின்று பணம் என்று வாயைத் திறந்தால், அன்று விட்டுக்கொடுத்ததற்கு இன்று கணக்குக் கேட்கிறான் என்று ஆகிவிடும். அப்படி ஒரு நினைப்பு தம்பி மனத்தில் வரக் கூடாது என்பதற்காகவே அவன் வாயை மூடிக்கொள்கிறான். அன்பினால் மறைக்கிறான், அந்த மறைப்புதான் துரோகமாகத் தெரியப்போகிறது. இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கையெழுத்துப் போடும்போது அவன் தம்பியை ஏமாற்றுவதாக நினைக்கவே கூடாது. தோட்டம் முழுவதையும் அவன் ஒருவனாக விற்கவும் முடியாது, நீ எழுதியிருப்பது அங்கே தவறு. பிரிபடாத தன் பங்கை மட்டும்தான் அவன் விற்க முடியும். என் பங்கு, என் பள்ளம், தம்பிக்கு ஒன்றும் குறையவில்லை என்று மனத்தைச் சமாதானம் செய்துகொள்வான். ஆனால் பிரிபடாத பங்கை வாங்கியவர் பள்ளத்துக்கு மட்டும் சொந்தக்காரர் அல்ல. தோட்டம் முழுவதிலும் பங்குதாரர் ஆகிவிடுகிறார். பாகப்பிரிவினை வழக்குப் போட்டு ரோட்டு ஓரத்தைக் கேட்கலாம். வேலுச்சாமிக்கு அது வக்கீல் நோட்டீஸ் வரும்போதுதான் விளங்கட்டும்.

வாங்குகிறவரையும் மீசை முறுக்க விட்டுவிட்டாய். அவருக்கும் ஒரு காரணம் கொடு. பின்பக்க மேட்டை அவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார், ரோட்டிலிருந்து அங்கே போக வழி இல்லை. போட்ட பணம் முடங்கிக் கிடக்கிறது. அது போதும் அவருக்கு. நல்ல விலை சொல்வதற்கும் அவசரப்படுத்துவதற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

இன்னும் ஒன்று, இதுதான் என்னை மிகவும் உறுத்தியது. மேட்டுப்பாளையத்தில் கட்டிக் கொடுத்த தங்கையை நீ மறந்தே போய்விட்டாய். நிலம் அப்பா சம்பாதித்தது, உயில் எழுதாமல் இறந்தார் என்றுதானே கதை? அப்படியானால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவளுக்கும் அண்ணன்மாருக்குச் சமமான பங்கு உண்டு. விவரம் தெரிந்த எந்த வக்கீலும் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவளிடம் ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கி வரச் சொல்வார். ஆகவே வேலுச்சாமி முதலில் அவளிடம் போக வேண்டும். அரவேணு, குஞ்சப்பனை என்று பஸ் வளைந்து வளைந்து இறங்கட்டும். ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என்ன சொல்லிக் கேட்பது என்று அவன் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போகட்டும். அவள் சோறு போடுகிறாள், மோர் ஊற்றுகிறாள், பேனா எங்கே என்கிறாள். ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். கதையின் முதுகெலும்பு அந்தச் சாப்பாட்டு நேரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவள் ஏன் கேட்காமல் போட்டாள்? மூத்தவன் மேல் இருக்கும் நன்றியா, இளையவன் மேல் இருக்கும் வருத்தமா, அந்த மண்ணில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று முதன்முதலாக ஒருவர் வந்து சொன்னாரே என்ற திகைப்பா? ஒன்றைத் தேர்ந்தெடு. மூன்றையும் போட்டுக் குழப்பாதே. நான் என்றால் கடைசியைத்தான் எடுப்பேன், ஆனால் எழுதப்போவது நீ.

இளையவன் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. செய்தி தெரிந்ததும் அரிவாளை எடுக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். ஆண்டுதோறும் பனிக் காலத்தில் மேலே நின்று, அண்ணனின் கருகிய பள்ளத்தை அவனும் பார்த்துக்கொண்டுதானே இருந்தான்? அவனுக்கு எவ்வளவு தெரியும், தெரிந்தும் ஏன் கீழே இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று யோசித்து எழுது. எழுதியதும் அடித்தல் திருத்தலோடு அப்படியே எனக்கு அனுப்பிவிடு, சுத்தப் பிரதிக்குக் காத்திருக்காதே.

அன்புடன்,
அம்மா